பலகை பச்சையாக இருக்கிறது

எங்கள் வீட்டு மதிலுக்கு அப்பால், அடுத்த வீட்டின் முன்னறையில், இரவு பதினொரு மணிக்கும் விளக்கு எரிகிறது. அங்கே மடிக்கணினியின் முன்னால் அமர்ந்திருப்பவர் முப்பது வயதைத் தொடாத ஓர் இளைஞர். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குச் சண்டிலிப்பாயில் இருந்தபடியே மென்பொருள் எழுதுகிறார். பத்திரிகைத் தொழிலில் இரவு விழித்தே பழகிய எனக்கு இன்னமும் நேரத்துக்கு உறக்கம் வருவதில்லை. ஆகையால் எங்கள் இருவருக்கும் இடையே மதிலோரப் பேச்சு ஒரு வழக்கமாகிவிட்டது.

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு நாள், "இன்னும் வேலை முடியேல்லையோ தம்பி?" என்று கேட்டேன்.

"வேலை பின்னேரமே முடிஞ்சுது மாமா. இப்ப ரிக்கெற் எழுதிக்கொண்டிருக்கிறன்" என்றார்.

செய்து முடித்த வேலையைச் செய்து முடித்ததாக எழுதும் வேலை அது. ஒவ்வொரு சிறு பணிக்கும் ஒரு சீட்டு. சீட்டுக்கு ஓர் இலக்கம், ஒரு தலைப்பு, ஒரு விவரணம். எத்தனை மணித்தியாலம் பிடித்தது, எத்தனை புள்ளி பெறும், எந்த நிரலில் நிற்கிறது, யார் பார்வையிட வேண்டும் என்று நிரப்புவதற்கு ஏராளமான கட்டங்கள். அன்று நான்கு மணித்தியாலத்தில் முடித்த வேலையை எழுதி ஒப்பேற்ற அவருக்கு ஒன்றரை மணித்தியாலம் ஆயிற்று. இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பழகிவிட்டது.

எனக்குப் பழகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கணினித் துறையைப் பற்றி எழுத ஒரு கலைப் பட்டதாரிக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கக்கூடும். அந்தப் பலகையின் கீழே நானும் ஓராண்டு காலம் வேலை செய்திருக்கிறேன் என்பதே தகுதி. அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் இந்தக் கதை எங்கே தொடங்கியது என்று பார்த்துவிடுவோம். 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 மென்பொருளாளர்கள் கூடினார்கள். அக்காலத்தில் பெரிய நிறுவனங்களில் மென்பொருள் எழுதுவது என்பது முதலில் மலைபோல் ஆவணங்களை எழுதிக் குவித்து, ஒப்பமிட்டு, பிறகு மாதக்கணக்கில் அந்த ஆவணத்தின்படியே நடப்பது. முடியும்போது வாடிக்கையாளருக்கு வேண்டியது வேறொன்றாக மாறியிருக்கும். இந்தச் சள்ளையிலிருந்து விடுபட அந்தப் பதினேழு பேரும் ஒரு சிறு பிரகடனத்தை எழுதினார்கள். அஜைல் பிரகடனம் என்று பெயர். அதன் முதலாவது வாசகத்தின் சாரம், நடைமுறைகளையும் கருவிகளையும் விட மனிதருக்கும் அவர்களுக்கிடையிலான ஊடாட்டத்துக்கும் கூடுதல் மதிப்புக் கொடுப்போம் என்பது. அதனுடன் இணைத்த கோட்பாடுகளில் ஒன்று, ஒரு குழுவுக்குள் தகவலைக் கொண்டுசெல்ல முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுவதைவிடச் சிறந்த வழி இல்லை என்று கூறுகிறது.

அடுத்த ஆண்டு, 2002இல், அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மைக் கனன்-புரூக்ஸ், ஸ்கொற் ஃபார்குவார் என்ற இரண்டு இளைஞர்கள் அற்லாசியன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களது முதல் விளைபொருள் ஜிரா. (இந்தப் பெயரை முதன்முதல் கேட்டபோது சீரகத்துக்கு வடக்கே வழங்கும் பெயர் என்றே எண்ணினேன். கோட்சில்லா என்ற அந்தத் திரைப்பட அரக்கனின் யப்பானியப் பெயர் கொஜிரா. அதன் வால்தான் இது.) மென்பொருளில் காணப்படும் வழுக்களைப் பதிந்து வைப்பதற்காகவே அது உருவாக்கப்பட்டது. வழுக்களின் பேரேடு. அந்த அளவில் மிகப் பயனுள்ள பொருள். காலப்போக்கில் வழுக்கள் மட்டுமன்றி வேலைகள் எல்லாமே அதற்குள் போயின. பின்னர் வேலை செய்கிறவர்களும் போனார்கள். கருவியைவிட மனிதரே மேல் என்று தொடங்கிய இயக்கம், இன்று பெரும்பாலான இடங்களில் ஒரு கருவியின் பெயராலேயே அறியப்படுகிறது. "நீங்கள் அஜைல் முறையிலா வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டால், "ஓம், ஜிரா பாவிக்கிறோம்" என்று விடை வருகிறது. விரதம் பிடிக்கிறாயா என்று கேட்டதற்கு, வாழையிலை வாங்கிவிட்டேன் என்று சொல்வது போல.

அந்தப் பதினேழு பேரில் ஒருவரான டேவ் தோமஸ் 2014இலேயே, இந்தச் சொல் பொருளிழந்துவிட்டது, இதைக் கைவிட்டுவிடுவோம் என்று எழுதிவிட்டார். இன்னொருவரான றொன் ஜெஃப்ரீஸின் கதை இன்னும் சுவையானது. வேலையின் பருமனைக் குழுவினர் தமக்குள் குத்துமதிப்பாகப் பேசிக்கொள்வதற்குக் 'கதைப்புள்ளி' என்று ஒரு வழக்கம் உண்டு. இது மூன்று புள்ளி வேலை, அது எட்டுப் புள்ளி வேலை என்பார்கள். அதைக் கண்டுபிடித்தது ஒருவேளை தானாக இருக்கலாம், அப்படியானால் அதற்காக இப்போது வருந்துகிறேன் என்ற பொருளில் ஜெஃப்ரீஸ் எழுதினார். குழுவின் உட்பேச்சுக்காக வைத்த ஒரு குறி, மேலாளரின் கையில் அளவுகோலாகி, ஒருவரை ஒருவரோடு ஒப்பிடும் தராசாகிவிட்டதைக் கண்ட பிறகுதான் அந்த வருத்தம். அஜைல் முறைகளில் மிகப் பரவலான ஸ்கிரம் முறையின் அதிகாரபூர்வ வழிகாட்டியை நான் வாசித்துப் பார்த்தேன். பதின்மூன்று, பதினான்கு பக்கங்கள்தான். அதில் கதைப்புள்ளி என்ற சொல்லே இல்லை. ஆனால் மென்பொருள் விற்பவர்களின் பலகையில் அந்தக் கட்டம் உண்டு. கட்டம் இருந்தால் நிரப்ப வேண்டும். நிரப்பினால் கூட்ட வேண்டும். கூட்டினால் ஒப்பிட வேண்டும். இதற்கு எந்தக் கோட்பாடும் தேவைப்படவில்லை, ஒரு வெற்றுக் கட்டம் போதுமாக இருந்தது.

இனி என் கதை.

நான் வேலை செய்த பத்திரிகைக் கந்தோர் ஒன்றில் (பெயர் வேண்டாம்) இத்தகைய பலகையைக் கொண்டுவந்தார்கள். வெளியிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர் ஆசிரியபீடத்தினரை இருத்தி வைத்து, இனிமேல் நாங்கள் எல்லோரும் சுறுசுறுப்பான குழு என்று அறிவித்தார். எனக்கு உள்ளூர ஒரே வியப்பு. நாளிதழ் என்பது பிறந்த நாளிலிருந்தே அப்படித்தானே இயங்குகிறது? நாள்தோறும் ஒரு பொருளை முடித்துச் சந்தைக்கு அனுப்புகிறோம். பின்னேரம் செய்தி ஆசிரியரின் மேசையைச் சுற்றி நின்றபடியே பதினைந்து நிமிடத்தில் பக்கங்களைப் பேசி முடிக்கிறோம். எட்டு மணிக்கு ஒரு செய்தி வந்தால் ஆறு மணித் திட்டத்தைக் கிழித்துப் போடுகிறோம். 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டு, அச்சுத் தாள் வராமல் யாழ்ப்பாணப் பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்து வெளிவந்த நாட்களில், எந்தச் செய்தி நாலு வரியாகச் சுருங்கும், எது நிற்கும் என்பதை மேசையைச் சுற்றி நின்றவர்கள்தான் முடிவு செய்தார்கள். அஜைல் என்ற சொல்லை அங்கே எவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

பலகை வந்தது. செய்தி, படம், விளம்பரம், மரண அறிவித்தல் எல்லாம் சீட்டுகளாயின. இடப்பக்கத்து நிரலிலிருந்து வலப்பக்கத்து நிரலுக்குச் சீட்டை நகர்த்த வேண்டும். கடைசி நிரலுக்குப் போனதும் அது பச்சை நிறமாகிவிடும். முதல் மாதம் நானும் மகிழ்ந்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. எந்தப் பக்கம் எங்கே நிற்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்தது. யாரையும் கூப்பிட்டுக் கேட்கத் தேவையில்லை.

யாரையும் கூப்பிட்டுக் கேட்கத் தேவையில்லாமற் போனதுதான் பிழை என்று எனக்கு விளங்கச் சில மாதங்கள் பிடித்தன.

ஒரு மரண அறிவித்தல். இறந்தவர் வயோதிபத் தாய். கனடாவிலிருந்து மகன் வரவேண்டியிருந்தது. விமானம் தவறிவிட்டதால் கிரியைகளை ஒரு நாள் பின்போட்டிருக்கிறோம், அறிவித்தலில் திகதியை மாற்றிவிடுங்கள் என்று வீட்டார் தொலைபேசியில் சொன்னார்கள். விளம்பரப் பகுதியில் அதைக் கேட்டவர் நேர்மையாக அந்த மாற்றத்தைச் சீட்டின் அடியில் குறிப்பாக எழுதினார். ஆனால் பக்கத்தை வடிவமைத்த பிள்ளை அதற்குப் பத்து நிமிடங்களுக்கு முன்னர் அந்தச் சீட்டைக் கடைசி நிரலுக்கு நகர்த்திவிட்டிருந்தார். முடிந்த சீட்டை யார் திறந்து பார்ப்பார்கள்? பலகை பச்சையாக இருந்தது. நானும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் புறப்பட்டேன்.

மறுநாள் காலையில் பழைய திகதியுடன் பத்திரிகை வெளியாயிற்று. உறவினர் பலர் ஒரு நாள் முந்தியே வந்து கூடிவிட்டார்கள். தீவுப் பகுதியிலிருந்தும் வன்னியிலிருந்தும் வாகனம் பிடித்து வந்தவர்களில் சிலர் அன்றே திரும்ப வேண்டியிருந்தது; அடுத்த நாள் அவர்களால் வர முடியவில்லை. செத்தவீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டவன் நான். அந்த வீட்டு மூத்த மகள் என்னை ஏசவில்லை. "ரெலிபோனிலை சொன்னனாங்கள்தானே ஐயா" என்ற ஒரு வார்த்தைதான். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

பலகை இல்லாத காலத்தில் என்ன நடந்திருக்கும்? விளம்பரப் பகுதியிலிருந்து ஒருவர் எழுந்து, பதினைந்து அடி நடந்து, வடிவமைப்பாளரின் கதிரைக்குப் பின்னால் நின்று, "பிள்ளை, அந்த அறிவித்தலிலை திகதி மாத்தவேணும், இப்ப என்ரை கண் முன்னாலை மாத்து" என்று சொல்லியிருப்பார். அந்தப் பதினைந்து அடி நடையைத்தான் மென்பொருள் எங்களுக்கு மிச்சப்படுத்திக் கொடுத்தது.

அதற்குப் பின்னர் நடந்ததுதான் இன்னும் மோசமானது. விசாரணை என்று நிர்வாகம் கேட்ட ஒரே கேள்வி, சீட்டைக் கடைசி நிரலுக்கு நகர்த்தியது யார் என்பதுதான். மென்பொருள் நொடியில் விடை சொன்னது: பெயர், மணி, நிமிடம், விநாடி. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன அந்தப் பிள்ளையின் பெயர். விதிப்படி அவர் செய்தது சரியே. மாற்றம் வந்தது அவர் முடித்த பிறகுதான். ஆனால் பதிவேட்டில் இருந்த பெயர் அவருடையது. பச்சையைப் பார்த்துவிட்டுப் போன என் பெயர் அதில் இல்லை, ஏனெனில் பார்ப்பதற்கு அங்கே கட்டம் இல்லை. பிழை என்னுடையதுமே என்று எழுதிக் கொடுத்தேன். அது ஏற்கப்படவில்லை. அந்தப் பிள்ளை அடுத்த மாதம் வேலையை விட்டுப் போனார்.

பதிவேடு ஒன்று சொல்ல, மனிதர் வேறொன்று சொன்னால் பதிவேட்டையே நம்புவது என்ற இந்த நோய் எவ்வளவு தூரம் போகும் என்பதை இங்கிலாந்தில் உள்ள வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அங்கே தபாற்கந்தோர்களில் பாவித்த ஹொரைசன் திட்ட மேலாண்மை மென்பொருள் அல்ல, கணக்கு மென்பொருள். ஆனால் நோய் ஒன்றுதான். 1999 முதல் 2015 வரை அது காட்டிய பொய்யான பற்றாக்குறைகளின் பேரில் 900க்கும் மேற்பட்ட உப தபாலதிபர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். அவர்களில் நம் தெற்காசியர் பலர். "நான் எடுக்கவில்லை" என்ற மனிதக் குரலுக்கு அந்த மென்பொருளில் கட்டம் இருக்கவில்லை. 2024இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றித்தான் அத்தீர்ப்புகளை இரத்துச் செய்ய வேண்டியிருந்தது.

சரி, பத்திரிகைக்காரருக்குக் கருவியைக் கையாளத் தெரியவில்லை, அந்தக் கருவியோடு பிறந்தவர்கள் இப்படித் தவறு விடமாட்டார்கள் என்று ஒரு வாதம் வரும். அந்தக் கருவியைச் செய்து விற்பவர்களைவிட அதில் தேர்ந்தவர்கள் யார்? 2022 ஏப்ரல் 5ஆம் திகதி அற்லாசியன் நிறுவனத்தின் 775 வாடிக்கையாளர்கள் தங்களது ஜிராவையும் ஏனைய பலகைகளையும் திறக்க முயன்றபோது ஒன்றும் இருக்கவில்லை. பழைய செயலி ஒன்றை நீக்கும்படி ஒரு குழு இன்னொரு குழுவிடம் கேட்டது. நீக்க வேண்டிய செயலியின் அடையாள இலக்கங்களைக் கொடுப்பதற்குப் பதிலாக, வாடிக்கையாளரின் முழுத் தளத்துக்குமான இலக்கங்களைக் கொடுத்துவிட்டார்கள். இலக்கங்களைப் பெற்ற நிரலும் சொன்னபடி முழுத் தளங்களையும் நீக்கிவிட்டது. கேட்ட குழுவுக்கும் செய்த குழுவுக்கும் இடையே தொடர்பாடலில் இடைவெளி இருந்தது என்று நிறுவனமே தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. உலகத்துக்கெல்லாம் குழுத் தொடர்பாடலை விற்பவர்கள்! சிலருக்குத் தளம் திரும்பக் கிடைக்கப் பதினான்கு நாட்கள் வரை சென்றன. ஏப்ரல் 18இல்தான் எல்லாம் மீட்கப்பட்டது. இதில் உச்சம் ஒன்று உண்டு. உதவி கேட்பதென்றாலும் ஒரு சீட்டுப் பதிய வேண்டும். சீட்டுப் பதிவதற்கு வேண்டிய தள விபரமே அழிந்துபோனதால் பலரால் வழமையான வழியில் முறையிடக்கூட முடியவில்லை. நிறுவனத்தாரிடமும் வாடிக்கையாளர்களைத் தொடர்புகொள்ளும் விபரங்கள் சரிவரக் கையில் இருக்கவில்லை.

அதே நாட்கள் எங்களுக்கு வேறு காரணத்தால் நினைவில் நிற்கின்றன. 2022 மார்ச் முடிவில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லை. எரிபொருள் வரிசையில் சைக்கிளுக்கு மட்டுந்தான் இடமில்லை, மற்ற வாகனமெல்லாம் நின்றன. அயல்வீட்டுத் தம்பியின் குழுவில் இருந்த ஐந்து பேரும் ஐந்து ஊர்களில், ஐந்து வெவ்வேறு மின்வெட்டு நேரங்களில் இருந்தார்கள். பலகையைத் திறக்க எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மின்சாரமோ இணைப்போ கிடைக்கவில்லை. தொலைபேசியில் பேசிப் பேசியே வேலை செய்தார்களாம். "உனக்குக் கரண்ட் இருக்கா? அப்ப நீ இதைச் செய், நான் ஆறு மணிக்குப் பிறகு மற்றதைப் பாக்கிறன்." அந்த இரண்டு மாதங்களில் முடித்த அளவு வேலையைத் தாங்கள் அதற்கு முன்னரும் பின்னரும் முடித்ததில்லை என்கிறார். மின்சாரம் சீரானதும் முதல் வேலையாக, பலகை இற்றைப்படுத்தப்படவில்லை என்று கண்டித்து ஒரு மின்னஞ்சல் வந்ததாம்.

இங்கே மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும்; இதை வெள்ளைக்காரர் எழுதிய விமர்சனங்களில் காண முடியாது. இந்தப் பலகைகள் நடைமுறையில் ஆங்கிலத்தையே கேட்கின்றன. நம் பிள்ளைகள் ஆங்கிலம் அறியாதவர்கள் அல்லர். ஆனால் ஒரு சிக்கலைப் பிரித்துப் பார்த்து, ஐயப்பட்டு, வாதாடி, விட்டுக்கொடுத்து முடிவுக்கு வருவது அவர்களுக்குத் தமிழில்தான் நடக்கிறது. இந்தத் தம்பி மென்பொருளில் தான் கண்ட ஒரு பழுதை ஒரு தடவை எனக்கு அரை மணித்தியாலம் விளக்கினார். பணம் செலுத்தும் பகுதியில், இணைப்பு அறுந்து மறுபடி வரும் கணத்தில், ஒரே தொகை இரண்டு தடவை கழிபடுகிறது. அது எப்போதும் நிகழ்வதில்லை. எப்போது நிகழும் என்பதற்கு அவர் ஓர் ஊகம் வைத்திருந்தார். துலாவும் பட்டையும் போல ஓர் உவமை சொன்னார். எனக்கே விளங்கிவிட்டது. பிறகு அவர் எழுதிய சீட்டைக் காட்டச் சொன்னேன். ஆங்கிலத்தில் ஒன்றரை வரி. அவருக்குத் தெரிந்ததில் பத்திலொரு பங்கு அதில் இல்லை. சீட்டை மட்டுமே வாசிக்கும் மேலாளருக்கு, இந்தப் பிள்ளையின் அறிவு ஒன்றரை வரிதான்.

இத்தகைய மென்பொருளைத் தமிழர் நிறுவனங்களும் செய்கின்றன. சென்னையில் தலைமையகம் கொண்ட, தென்காசிக்கு அருகே மத்தளம்பாறைக் கிராமத்திலும் அலுவலகம் நடத்துகின்ற சோஹோ நிறுவனம் திட்ட மேலாண்மைக்கும் அஜைல் குழுக்களுக்கும் எனத் தனித்தனி மென்பொருள்களை உலகெங்கும் விற்கிறது. கிராமத்தில் இருந்து உலகத் தரத்தில் ஒன்றைச் செய்ய முடியும் என்று காட்டியதில் எனக்குப் பெருமைதான். ஆனால் பலகையை யார் செய்தார் என்பதில் ஒன்றும் மாறிவிடுவதில்லை. வீட்டில் முடைந்த கூடை என்பதற்காகத் தண்ணீர் நிற்காது.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையா? இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒருவர், கொழும்பில் இருவர், லண்டனில் மேலாளர், மெல்பேணில் வாடிக்கையாளர் என்று சிதறிக் கிடக்கும் குழு எந்த மேசையைச் சுற்றி நிற்கும்? எழுத்து வேண்டும். வாயால் ஒன்றைச் சொல்லிவிட்டு நாளைக்கு "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று கைவிரிக்கும் முதலாளியிடமிருந்து தொழிலாளியைக் காப்பதும் எழுத்துதான். பத்திரிகைக்காரன் எழுத்துக்கு எதிரி ஆக முடியாது.

ஆனால் எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள உறவை இந்த மண்ணில் எங்களுக்கு யாரும் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை. எங்கள் பகுதியின் பழைய காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கள். கிணற்றில் இத்தனை பங்கு, வழிவாய்க்காலில் இத்தனை பங்கு என்று துல்லியமாக எழுதப்பட்டிருக்கும். இரண்டு மூன்று தலைமுறை கடந்த கிணற்றில் பங்குகள் பின்னத்துக்குள் பின்னமாகப் போயிருக்கும். எந்த நாள் யாருடைய இறைப்பு முறை என்பதும் வரையறுக்கப்பட்டதே. ஆனால் வெங்காயம் வாடிப்போனவனுக்கு இன்றைய என் முறையைக் கொடுத்து, நாளை மறுநாள் அவனுடைய முறையை நான் வாங்கிக்கொள்வது எந்த உறுதியிலும் இல்லை. அது வரம்பில் நின்று பேசியது. உறுதி என்பது சண்டை வந்தால் பெட்டிக்குள்ளிருந்து எடுக்கும் கடதாசி. தோட்டம் விளைந்தது வரம்புப் பேச்சினால். உறுதியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு தோட்டம் செய்ய முயன்றவர்களும் எங்கள் ஊரில் உண்டு. அவர்களுடைய வெங்காயத்தில் பாதி மல்லாகம் நீதிமன்றத்துச் செலவுக்குப் போயிற்று.

இந்தப் பலகைகளின் மூலக்கதையும் இதுதான். யப்பானில் ரொயோட்டா தொழிற்சாலையில் தைச்சி ஓனோ கொண்டுவந்த கன்பான் அட்டைதான் இன்றைய மென்பொருள் நிரல்களுக்கும் சீட்டுகளுக்கும் முன்னோடி. அந்த அட்டை, அடுத்த கட்டத்தில் இருப்பவருக்கு இப்போது எது தேவை என்பதை முன் கட்டத்தில் இருப்பவருக்குச் சொல்ல வந்தது. தேவைக்கு மேல் செய்து குவிக்காதே என்று சொல்ல வந்தது. அதே ஓனோ தன் பொறியியலாளர்களைத் தொழிற்சாலைத் தரையில் நிறுத்தி, என்ன நடக்கிறது என்று மணிக்கணக்காகப் பார்க்கச் சொல்வார் என்பார்கள். அட்டையைப் பார்த்தால் போதாதா என்று அவரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இலங்கையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது, நம்மவர் அதை மறந்துவிட்டார்கள். 2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பிறகு, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் பதிவதற்கு நாட்டில் ஒழுங்கான முறை ஒன்று இருக்கவில்லை. இலங்கை மென்பொருளாளர்கள் தன்னார்வலர்களாகக் கூடி, சில வாரங்களில், சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். பிறகு அது திறந்த மூல மென்பொருளாக வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. பிரேதங்களை எண்ணி முடியாதிருந்த அந்த நாட்களில் யாருக்கு எத்தனை புள்ளி என்று எவரும் கணக்கு வைத்திருக்கமாட்டார்கள். அந்த வேலைக்கு அவசரம் உண்மையானது. செயற்கையாக இரண்டு வாரத்துக்கொரு முறை உண்டாக்கப்பட்ட அவசரம் அன்று.

ஆகவே நான் கேட்பது பலகையை உடைத்து எறியுங்கள் என்றல்ல. புள்ளிகளைச் சம்பள உயர்வுக்கும் ஆட்குறைப்புக்கும் ஆதாரமாக எடுப்பதை நிறுத்துங்கள். குழுவுக்கு வேண்டாத கட்டங்களைக் குழுவே அழித்துவிட உரிமை கொடுங்கள். மாற்றம் எதுவானாலும் முதலில் ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் பிறகு எழுதுங்கள். தமிழில் யோசிப்பவரைத் தமிழில் எழுதவிட்டு, வேண்டுமானால் நீங்கள் மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள்; அதற்கும் இப்போது இயந்திரம் இருக்கிறதுதானே. முக்கியமாக, மேலாளரே, வாரத்தில் ஒரு நாளாவது பலகையை மூடிவிட்டு அந்தப் பிள்ளைகளோடு பேசுங்கள். என்ன செய்தாய் என்று கேட்பதற்கல்ல. எது உன்னைத் தடுக்கிறது என்று கேட்பதற்கு.

மதிலுக்கு அப்பாலுள்ள தம்பிக்கு மூன்று மாதங்களுக்கு முன்னர் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவருடைய 'வேகம்' குழுவின் சராசரியைவிடக் குறைந்துவிட்டதாம். காரணம் எனக்குத் தெரியும். பணம் இரண்டு தடவை கழிபடும் அந்தப் பழுதின் வேரைத் தேடி அவர் மூன்று கிழமை செலவிட்டார். அது இன்னொருவரின் பகுதியில் இருந்ததால் அவருக்குச் சீட்டு இல்லை. புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளுக்கு இரவில் வேலை பழக்கினார். அதற்கும் சீட்டு இல்லை. மூன்று மாதக் கண்காணிப்பு, பிறகு முடிவு என்று கடிதம் சொன்னது. வீட்டில் தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் புத்திசாலி. அடுத்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதத் தொடங்கினார். ஒரு வேலையை ஐந்தாக வெட்டி ஐந்து சீட்டு. எழுத்துப்பிழை திருத்தினால் ஒரு சீட்டு. புதிய பிள்ளைகள் கேள்வி கேட்டு அழைத்தால், சீட்டாகப் பதியுங்கள் என்று சொல்லிவிடுகிறார். மற்றவர் பகுதியை எட்டியும் பார்ப்பதில்லை.

சென்ற கிழமை கண்காணிப்பு முடிந்தது. வேகம் இரட்டிப்பாகியிருப்பதாகப் பாராட்டி மேலாளர் எழுதியிருக்கிறார். குழுவில் உள்ள எல்லோருக்கும் அதன் பிரதி போயிருக்கிறது.

"அந்தக் காசு கழிபடுற பிழை என்ன மாதிரித் தம்பி?" என்று கேட்டேன்.

"அது அப்பிடியேதான் கிடக்கு மாமா" என்றார்.